மொத்தத்துக்கும் ஒரே சுவிட்ச்

காலை ஆறு மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது பச்சை நிறம். கோட்டைப்பட்டினம் கரையில் ஏற்றி நிறுத்தியிருந்த விசைப்படகின் கேபினுக்குள் எலெக்ட்ரீஷியன் ஒரு ஒயரை வெட்டி, மேல்தோலை உரித்து, என் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளே செம்பு இல்லை. செம்பு இருந்த இடத்தில் பச்சைத் தூள் இருந்தது. விரலால் தட்டினார். தூள் அவருடைய கைலியில் விழுந்தது.

"இதுலதான் இந்த போட்டுக்கு இவ்வளவு நாளும் கரண்டு போயிருக்கு. எப்படிப் போச்சுன்னு என்னையக் கேக்காதீங்க."

படகு என் தங்கையின் கணவருடையது. அவரே உரிமையாளர், அவரே ஓட்டுநர். நான் மணமேல்குடியில் இருக்கிறேன். ஒரு நாளிதழின் தாலுகா நிருபர். மீன்பிடித் தடைக்காலத்தில் கடற்கரையில் செய்தி குறைவு. அதனால் வயரிங் வேலை நடந்த நான்கு நாளும் அங்கே இருந்தேன். எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும், கையெழுத்தும் தெளிவாக இருக்கும். இரண்டுக்கும் அந்த வேலையில் தேவை இருந்தது.

வயரிங்கை மாற்றியதற்குப் பச்சைத் தூள் மட்டும் காரணமல்ல. முந்தைய வருடம் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டார். இலங்கையில் நீதிமன்றம் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை விதித்து, அதை ஐந்து வருடத்துக்கு ஒத்திவைத்து, அவரை ஊருக்கு அனுப்பியது. படகைத் தரவில்லை. ஒத்திவைப்பது என்றால் என்ன என்பதை அங்கேயே ஒருவர் தமிழில் விளக்கியிருக்கிறார். இந்த ஐந்து வருடத்துக்குள் இன்னொரு முறை பிடிபட்டால் அந்தப் பதினெட்டு மாதத்தையும் உள்ளே கழிக்க வேண்டும். கூடப் போகிறவர்கள் பிடிபட்டால் சில வாரங்களில் வந்துவிடலாம். அவர் வர முடியாது.

எல்லைக்கோடு கடலில் தெரியாது. அங்கே மிதவை இல்லை, கொடி இல்லை. இரால் அந்தப் பக்கம்தான் அதிகம் என்பதும், அதைத் தேடித் தெரிந்தே போகிறவர்கள் உண்டு என்பதும் இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். செய்தியில் நாங்கள் அதை எழுதுவதில்லை. "எல்லை தாண்டி வந்ததாகக் கூறி" என்று எழுதுவோம். அந்த நான்கு சொல்லை நான் எத்தனை முறை அனுப்பியிருப்பேன் என்று கணக்கில்லை.

மாப்பிள்ளை இனித் தெரிந்து போவதில்லை என்று முடிவு செய்திருந்தார். தெரியாமல் போய்விடுவதுதான் பயம். பாக் நீரிணையில் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். வலை இழுக்கும் படகை அது சத்தமில்லாமல் கிழக்கே தள்ளிக்கொண்டு போகும். அதனால் பழைய படகு ஒன்றை வாங்கியபோது என் தங்கை ஒரே நிபந்தனை வைத்தாள். எல்லை நெருங்கினால் கத்துகிற ஜி.பி.எஸ். வாங்க வேண்டும். அது கத்துவதைத் தன் காதால் கேட்ட பிறகுதான் படகு தண்ணீரில் இறங்க வேண்டும்.

அவர் வாங்கி வந்து, வீட்டுக்கூடத்தில் ஒரு பேட்டரியில் மாட்டி, அவளை உட்காரவைத்துக் காட்டினார். ஆங்கிலக் கையேட்டை வைத்துக்கொண்டு நான் ஒவ்வொரு பொத்தானாகச் சொன்னேன். பெட்டி மூன்று முறை பீப் என்றது.

"இவ்வளவுதானா?" என்றாள் தங்கை. "எங்க வீட்டு குக்கரு இதவிட நல்லாக் கத்தும்."

"கப்பல் சாமான் அப்படித்தான் மெதுவாப் பேசும்," என்றார் மாப்பிள்ளை.

"இஞ்சின் சத்தத்துல ஒங்களுக்கு நான் கூப்புட்டாலே கேக்காது. இது மெதுவாப் பேசுனா கேட்டுருமாக்கும்?"

அவள் சொன்னது சரி. எலெக்ட்ரீஷியன் அதற்கு லாரி பின்னால் வரும்போது அலறும் பஸ்ஸர் ஒன்றை வாங்கிவந்து ஜி.பி.எஸ்ஸோடு இணைத்தார். மறுநாள் கரையில் நின்ற படகிலிருந்து அது அலறியபோது, பக்கத்துப் படகில் வலை முடைந்துகொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று வைதார்கள். தங்கை தெருமுனையிலேயே கேட்டுவிட்டாள். சரி, இது போதும் என்றாள்.

எலெக்ட்ரீஷியனைக் கரையில் எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவார்கள். எட்டு வருடம் வளைகுடாவில் உல்லாசப் படகுகள் நிறுத்தும் துறையில் வேலை பார்த்தவர். பெரிய மோட்டார் படகுகளின் மின்சார வேலை அவருடையது. திரும்பி வந்தபோது ஒயர் வெட்டும் கத்தரிகள், மீட்டர், முனைகளை அழுத்திப் பிடிக்கும் கருவி என்று ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். வீட்டுக்குப் போடும் ஒயரை முறுக்கி டேப் சுற்றிப் படகுக்குப் போடுவது அவருக்கு ஆகாது. வெள்ளீயம் பூசிய ஒயர்தான் போடுவார். உப்புக்காற்றில் அது பச்சை பூக்காது. ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டுவார். முடிவில் மொத்தத்தையும் தாளில் படமாக வரைந்து சுவிட்ச் பலகைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுவார்.

"எட்டு வருசத்துல அந்தப் படகுக எதுவும் கடலுக்குப் போயி நான் பாத்ததில்ல," என்றார் இரண்டாம் நாள், இஞ்சின் அறையில் படுத்துக்கொண்டே. "கரண்டு மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். ஏசி ஓடும். ஐஸ் மிஷின் ஓடும். தண்ணிக்கடியில நீலக்கலர்ல லைட்டு எரியும். ஆளு இருக்க மாட்டான்."

"அந்த ஏசிய இதுலயும் போட்டு விடுங்க பாய்," என்றார் படகில் வலை வேலை பார்க்கும் மூவரில் மூத்தவர். என்னைப் போல மணமேல்குடிக்காரர். வேலை இல்லாத நாளிலும் படகைச் சுற்றியே நிற்பவர்.

"இருக்கே. ஐஸ் பெட்டி மூடியத் தொறந்து உள்ள படுங்க."

"படுத்தா மீனோட சேத்து என்னையும் ஏலம் விட்ருவாரு மொதலாளி."

"ஒன்னைய எவன் எடுப்பான்," என்றார் மாப்பிள்ளை.

நான் ஒட்டுத்தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். கேபின் விளக்கு. தள விளக்கு. கொடிமர விளக்கு. வயர்லெஸ். தண்ணீர் இறைக்கும் மோட்டார். ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே ஒட்டுவதற்கு. பாய் என் எழுத்தைப் பார்த்து, அச்சடித்த மாதிரி இருக்கிறது என்றார்.

மூன்றாம் நாள் காலை பதினொன்று ஐந்துக்கு மாப்பிள்ளை ஒரு சுவிட்ச் கேட்டார். அதன் நேரம் எனக்குத் தெரியக் காரணம், கொஞ்சம் முன்புதான் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்து பேசி முடித்திருந்தேன். அவர் கேட்டது, மொத்தத்தையும் ஒரே இழுப்பில் அணைக்கும் சுவிட்ச். தூரத்தில் ரோந்துப் படகு போல எதையாவது பார்த்தால் இங்கே எல்லோரும் விளக்கை அணைப்பார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் அணைப்பார்கள். அது பழக்கம். இருட்டில் ஐந்தாறு சுவிட்சைத் தடவித் தேடுவதில் நேரம் போகிறது என்றார்.

பாய் சரி என்றார். அது சின்ன வேலை. பெரிய சிவப்புப் பிடி வைத்த சுவிட்ச் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தார். பிறகு கேட்டார்:

"ஜிபிஎஸ்ஸ எதுல குடுக்கட்டும்? இதுக்குள்ளயா, தனியாவா?"

மாப்பிள்ளை யோசித்தார். முதல் முறை பிடித்த கடற்படைக்காரர்களில் ஒருவன் அவரிடம் கொச்சைத் தமிழில் சொல்லியிருக்கிறான், உங்கள் கேபின் கண்ணாடி தூரத்திலிருந்து டிவி மாதிரி தெரிந்தது என்று. விளக்கையெல்லாம் அணைத்திருந்தார்கள். ஜி.பி.எஸ். திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் தெரிந்தது அந்த வெளிச்சம்தான்.

"தனியாக் குடுக்குறதுதான் மொற," என்றார் பாய். "அங்கெல்லாம் வழி காட்டுற சாமானுக்குத் தனி லைனு. பேட்டரியில இருந்து நேரா ஃபியூசு, அங்கேருந்து சாமானு. எந்த மெயின் சுச்சுக்கும் கீழ வரக் கூடாது. எது செத்தாலும் அது சாகக் கூடாது."

"வெளிச்சம் தெரியுதே பாய்."

"அதுக்கு ஒரு துண்டு போதுமே. மேல போட்டு மூடுங்க."

"புது ஒயரிங் போட்டுட்டுத் துண்டா?" என்று சிரித்தார் மாப்பிள்ளை. மூத்த வலைக்காரர், தன் துண்டைத் தர மாட்டேன், மீன் நாற்றத்தில் ஜி.பி.எஸ். மயங்கிவிடும் என்றார்.

பிறகு மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மச்சான்."

நான் சொன்னேன்: "வெளிச்சம்தானே பிரச்சினை மாப்ள. அதையும் இதுலயே சேத்துக் குடுத்துருவோம். ஒரே இழுப்புல எல்லாம் போயிரும்."

"போயிட்டா, எங்கன நிக்கிறோம்னு யாரு சொல்றது?" என்றார் பாய்.

"பத்து நிமிஷம்தானே. திரும்பப் போட்டா வந்துரப்போகுது," என்றேன்.

பாய் சுவிட்சின் திருகுகளைத் தளர்த்தினார். "நான் வேல பாத்த அந்தப் படகுகள்ல வெளிச்சத்துக்குப் பயப்படுறவன் ஒருத்தனும் இல்ல," என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு சொன்னபடி செய்தார். அந்த சுவிட்சின் கீழே ஒட்ட, 'மொத்தம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

நான்காம் நாள் மாலை மூன்று நாற்பதுக்கு மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. சிவப்புப் பிடியைக் கீழே இறக்கியதும் படகு முழுதும் ஒரே கணத்தில் அணைந்தது. மேலே ஏற்றியதும் விளக்குகள் வந்தன, ஜி.பி.எஸ். திரையும் வந்தது. கரையில் நின்றவர்கள் அதை நாலைந்து முறை செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். தடைக்காலம் முடிவதற்குள் வேறு ஐந்து படகுக்காரர்கள் பாயிடம் அதே சுவிட்ச் கேட்டார்கள். நிருபர் சொன்ன மாதிரி ஜி.பி.எஸ்ஸையும் சேர்த்தே கொடுங்கள் என்றார்கள்.

தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போயின. விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள். காலையில் மீன்வளத் துறை அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு போவார்கள், மறுநாள் காலை திரும்புவார்கள். முதல் பயணத்துக்கு முன் கையேட்டைப் பார்த்து எல்லை அலாரத்தை அமைத்துக் கொடுத்தேன். முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை, சிவப்புப் பிடியை இறக்கத் தேவையும் வரவில்லை. பஸ்ஸர் இரண்டு முறை அலறியதாகவும், இரண்டு முறையும் படகைத் திருப்பியதாகவும் மாப்பிள்ளை சொன்னார். தங்கை அதைப் பக்கத்து வீடுகளில் சொன்னாள்.

நான்காம் வாரம் ஒரு வியாழக்கிழமை, காலை ஏழு ஐம்பதுக்கு நான் துறைக்குப் போனேன். மற்ற படகுகள் நெருக்கமாகக் கட்டியிருந்தன. நடுவில் ஒரு படகின் அகலத்துக்குத் தண்ணீர் கிடந்தது. அதில் ஒரு பிளாஸ்டிக் கேன் மிதந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தியவர்களை வைத்தே தெரிந்துகொண்டேன்.

எட்டரை மணிக்கு மீனவர் சங்கத்துக்காரர் கைதை உறுதி செய்தார். ஒரு படகு, நான்கு பேர். செய்தி அனுப்ப வேண்டியவன் நான்தான். இந்தத் தாலுகாவுக்கு வேறு ஆள் இல்லை. தங்கை வீட்டுக்குப் போவதற்கு முன்பே அதை எழுதினேன். கோட்டைப்பட்டினத்தில் இருந்து மீன்பிடிக்கச் சென்ற நான்கு மீனவர்களை, எல்லை தாண்டி வந்ததாகக் கூறி. பிறகு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் அடைப்புக்குறிக்குள் வயது. மாப்பிள்ளையின் வயதை யாரிடமும் கேட்காமல் எழுதினேன். கடைசியில், 'இவர்களில் ஓட்டுநர் ஏற்கெனவே ஒத்திவைக்கப்பட்ட தண்டனையில் இருப்பவர்' என்று ஒரு வரி சேர்த்தேன். மறுநாள் பேப்பரில் அந்த வரி இல்லை. இடம் போதவில்லை.

வீட்டில் தங்கை அழவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒன்று கேட்டாள்.

"பஸ்ஸரு அடிக்கலையாண்ணே?"

"தெரியல."

"அடிச்சிருந்தா திரும்பியிருப்பாருல்ல?"

"திரும்பியிருப்பாரு."

"அப்ப அடிக்கல," என்றாள்.

அடுத்த ஏழு வாரமும் நான் செய்தி அனுப்பினேன். காவல் நீட்டிப்பு. மறியல். முதல்வருக்குக் கடிதம். மீண்டும் காவல் நீட்டிப்பு. ஒவ்வொன்றும் நான்கைந்து வரி. முன்பு மற்ற ஊர்க்காரர்களுக்கு எழுதிய அதே வரிகள். பெயர்களையும் வயதுகளையும் மாற்றினால் போதும். எட்டாம் வாரம் தீர்ப்பு வந்தது. மூன்று பேருக்கு ஒத்திவைத்த தண்டனை, விடுதலை. ஓட்டுநருக்குப் பழைய பதினெட்டு மாதம்.

மூன்று பேரும் விமானத்தில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து வேனில் ஊர் வந்து சேர்ந்தார்கள். மறுநாள் அந்த மூத்த வலைக்காரர் தங்கை வீட்டுக்கு வந்தார். மெலிந்திருந்தார். சிறையில் கொடுத்த சட்டையையே போட்டிருந்தார். நல்ல சட்டை என்றார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். அன்று சாயங்காலமே இதைக் குறித்துக்கொண்டேன்.

"நாங்க கோட்டுக்கு ரொம்ப இங்கிட்டுதான் இருந்தோம் தங்கச்சி. சத்தியமா. அங்கிட்டு ஒரு லைட்டு தெரிஞ்சுச்சு. ஒடனே சிவப்பு சுச்ச எறக்கிட்டாரு. பத்து நிமிஷம் இருட்டுலயே வலைய இழுத்தோம். அப்புறம் பாத்தா அது நம்ம ஆளுக போட்டு, ஜெகதாப்பட்டினத்து போட்டு. வெறும் பயம். சிரிச்சுக்கிட்டே திரும்ப ஏத்துனாரு. லைட்டு வந்துச்சு, ஜிபிஎஸ் வந்துச்சு, படம்லாம் வந்துச்சு. ரெண்டு நாளாத் தூங்கலடா, கொஞ்சம் புடின்னு வீலை எங்கிட்டக் குடுத்துட்டுப் படுத்தாரு. நான் கேட்டேன், எனக்கு அந்தப் படம் பாக்கத் தெரியாதேன்னு. நீ பாக்க வேணாம், பஸ்ஸரு அடிச்சா என்னைய எழுப்புன்னாரு."

தங்கை ஒரு டம்ளர் டீயை அவர் முன் வைத்தாள்.

"அடிக்கவே இல்ல தங்கச்சி. நான் முழிச்சுத்தான் இருந்தேன். கண்ணச் சிமிட்டல. நீவாடு அன்னைக்கு நல்ல வேகம். சாமி சத்தியமா அது அடிக்கல. அவுங்க லைட்டு எங்க மேல விழுந்தப்பக்கூட அது அடிக்கல."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் எடுக்கவில்லை.

"உள்ள இருக்கையில ராமேஸ்வரத்துக்காரன் ஒருத்தன் சொன்னான், மொதலாளிகிட்டச் சொல்ல எனக்கு மனசு வரல. அந்த மாடல்ல கரண்டு நின்னு வந்துச்சுன்னா அலாரம் தானா ஆஃப் ஆயிருமாம். திரும்ப உள்ள போயி ஆன் பண்ணணுமாம். அதான் அவுங்க ஊருல ஜிபிஎஸ்ஸ எந்த சுச்சுலயும் குடுக்க மாட்டாங்களாம். துண்டத்தான் போட்டு மூடுவாங்களாம்." அவர் சிரிக்கப் பார்த்தார். "அன்னைக்கு பாய் சொன்னாருல்ல, துண்டுன்னு. என் துண்டு தோள்லயேதான் கெடந்துச்சு."

தங்கை என் பக்கம் திரும்பினாள்.

"ஒயரிங் போட்டப்ப நீ கூடவே இருந்தியேண்ணே."

"இருந்தேன்."

"ஜிபிஎஸ்ஸ அந்த சுச்சுல குடுக்கச் சொன்னது யாரு?"

வலைக்காரர் தரையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு அந்தக் காலை ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"நான்," என்றேன்.

அவள் எழுந்து, ஆறிய டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சூடு பண்ணிக் கொண்டுவந்து அவர் முன் வைத்தாள். "குடிங்க," என்றாள். பிறகு சிறையில் என்ன சாப்பாடு போடுகிறார்கள் என்று கேட்டாள். மாத்திரை கிடைக்கிறதா என்று கேட்டாள். என்னிடம் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

கையேடு என்னிடம்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து எடுத்தேன். எச்சரிக்கை ஒலியை அமைக்கும் முறை பதினோராம் பக்கத்தில் இருந்தது. அன்று அவள் வீட்டுக் கூடத்தில் அதைத்தான் படித்துச் சொல்லியிருந்தேன். அந்தப் பக்கத்தில் பென்சிலால் கோடும் போட்டிருந்தேன். பன்னிரண்டாம் பக்கத்தின் தலையில் ஒரு கட்டத்துக்குள் இரண்டு வரி இருந்தது. மின் இணைப்பு துண்டிக்கப்பட்டால் எச்சரிக்கை ஒலி அணைந்த நிலைக்குத் திரும்பும். ஒவ்வொரு முறையும் மீண்டும் அமைக்க வேண்டும். பக்கத்தைத் திருப்பியிருந்தால் போதும். இருபத்திரண்டு வருடமாக மற்றவர்கள் எழுதியதைக் கடைசி வரி வரை படித்துப் பிழை பார்ப்பது என் தொழிலில் ஒரு பகுதி.

மறுநாள் பாயிடம் போய்ச் சொன்னேன். ஜெகதாப்பட்டினத்தில் ஒரு படகில் டைனமோவைக் கழற்றிக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்தாமல் கேட்டார்.

"நானும் அந்தப் பொஸ்தகத்தப் படிக்கல," என்றார். "படிச்சாலும் புரிஞ்சிருக்காது. ஆனா தனி லைனுன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"சொன்னேன். ஆனா அதுல ஒயரக் குடுத்தது நாந்தான்." கையில் இருந்த நட்டைத் துடைத்தார். "அந்த அஞ்சு போட்டையும் மாத்தணும்."

இருவரும் போனோம். கூலி வேண்டாம், ஒரு மணி நேரம் போதும் என்று அவர் சொன்னார். நடந்ததை நான் சொன்னேன். இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். அவற்றில் ஜி.பி.எஸ்ஸுக்குத் தனி ஒயர் போட்டு, துண்டு மாட்ட ஒரு ஆணியும் அடித்துக் கொடுத்தார். மூன்றாவது ஆள், எங்கள் பெட்டி வேறு மாடல் என்றார். கையேட்டைக் கேட்டேன். தொலைந்துவிட்டது என்றார். நான்காவது ஆள் கடலில் இருந்தார். அவரைப் பிறகும் பார்க்க முடியவில்லை. ஐந்தாவது ஆள் படகில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரே இழுப்புல போகணும்னு சொன்னதே நீங்கதான நிருபரே. இப்ப வேணாங்குறீங்க. நாளைக்கி வேற ஒன்னு சொல்லுவீங்க. விட்டுட்டுப் போங்க."

பாய் என் தோளைத் தொட்டு, போகலாம் என்றார். திரும்பி வரும்போது அவர் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டார். கட்டுமாவடி சாலையில் இறக்கிவிட்டபோது, மொத்தம் என்று எழுதிய அந்த ஒட்டுத்தாள் ஈரத்தில் கூட உரியாது, நல்ல பசை என்றார். ஏன் சொன்னார் என்று தெரியவில்லை.

படகு இலங்கைக் கரையில் ஒரு கடற்படைத் துறையில் கட்டிக்கிடக்கிறது. அங்கே போய் வந்த ஒருவர் செல்போனில் எடுத்த படத்தைப் பார்த்தேன். வரிசையில் ஏழாவது படகு. கேபின் கதவு திறந்திருக்கிறது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஆள் ஏறாமல், இஞ்சின் ஓடாமல் ஒரு மழைக்காலம் நின்றால் மரம் ஊறிவிடும். வெள்ளீயம் பூசிய ஒயர் மட்டும் அப்படியே இருக்கும்.

மாப்பிள்ளை சிறையிலிருந்து மாதத்தில் இரண்டு முறை போன் பேசலாம். தங்கையிடம் பேசுகிறார். ஒருமுறை நான் அங்கே இருந்தபோது அழைப்பு வந்தது. அவள் பேசி முடிக்கும் வரை வாசலில் நின்றேன். மச்சான் நல்லா இருக்காங்களா என்று அவர் கேட்டதாகச் சொன்னாள். சுவிட்சைப் பற்றி அவரிடம் அவள் எதையும் சொல்லவில்லை என்பது அதிலிருந்து தெரிந்தது.

சிறையில் இருக்கும் மீனவர் குடும்பத்துக்கு அரசு தரும் உதவிக்கு அவள் மனு போட்டாள். இப்படிப்பட்ட மனுக்களை இந்தப் பகுதியில் பலருக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவள் மீமிசலில் ஒரு மனு எழுதுபவரிடம் போய் எழுதி வாங்கினாள். இணைக்க வேண்டியவற்றின் பட்டியலை அவரே கொடுத்திருக்கிறார். குடும்ப அட்டை நகல், படகின் பதிவுச் சான்று நகல், டோக்கன் நகல், கைது பற்றிய செய்தி வந்த பேப்பர்.

அதற்காக ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

"அன்னைக்கு வந்த பேப்பரு வேணும். மனு மூணு எடத்துக்குப் போகுதாம், மூணு."

என்னிடம் இரண்டுதான் இருந்தன.